இரண்டும் கூடுதல்

நவம்பர் 14

பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு இன்று மரபியல் தொடங்கினேன். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, பட்டாணிச் செடி. இருபத்தொன்பது ஆண்டுகளாக நடத்தும் பாடம். இதில் என் மாணவன் எவனும் தோற்றதில்லை. இரண்டு நாள் பாடத்தை முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். பையன்கள் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கோவில்பட்டியில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் என்று ஒருவன் விளக்கமும் சொன்னானாம். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மகள் மைதிலி தீப்பெட்டி ஆலை ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிவிட்டாள். இருபத்து நான்கு வயதுப் பெண். அலுப்பு, நெஞ்சு படபடப்பு, கழுத்து தடித்திருக்கிறது என்று என் மனைவி புஷ்பகலா ஒரு வாரமாகப் புலம்புகிறாள். வரன் பார்க்கிற வீட்டில் பெண்ணுக்குப் படபடப்பு இருக்கத்தான் செய்யும் என்றேன்.

நவம்பர் 18

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு ஹார்மோன் கூடுதல். அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் டி.எஸ்.எச்.சும் கூடுதல். லேப் பையன் தலையைச் சொறிந்தான்.

"சார், ஒண்ணு கூடுனா இன்னொண்ணு குறையணும் சார். ரெண்டும் கூட இருக்கக் கூடாது. மெசின்ல ஏதோ கோளாறு."

மறுபடி ரத்தம் எடுத்தான். மறுபடியும் இரண்டும் கூடுதல். உடம்பில் பின்னூட்டக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். என் மகளின் உடம்புதான் என் நோட்ஸைப் படிக்கவில்லை.

நவம்பர் 25

திருநெல்வேலியில் பெரிய டாக்டர். மூன்று மணி நேரம் காத்திருந்தோம், மூன்று நிமிடம் பார்த்தார். ஹார்மோன் கூடுதல், குறைக்க மாத்திரை. டி.எஸ்.எச். ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டேன்.

"லேப் தப்பா இருக்கும்."

"ரெண்டு தடவை பார்த்தோம் சார்."

"அப்போ ரெண்டு தடவையும் தப்பு."

தீர்மானமாகப் பேசும் மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

டிசம்பர் 3

சாத்தூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கௌதம் மின்வாரியத்தில் இருக்கிறார். அவருடைய அம்மா மைதிலியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. (எனக்கு மார்கழியிலும் வியர்க்கும். சுறுசுறுப்பானவர்களின் உடல்வாகு அது.) கடைசியில் அந்தம்மா சொன்னார்:

"கழுத்து நல்லா சதைப்பிடிப்பா, லட்சணமா இருக்கு. நகை போட்டா எடுப்பா நிக்கும்."

தை கடைசியில் நிச்சயம் என்று முடிவானது. மாடியிலிருந்து அலமேலுவைக் கூட்டிவரட்டுமா என்று புஷ்பகலா ஜாடையில் கேட்டாள். தூங்கட்டும் என்று நானும் ஜாடையிலேயே சொன்னேன்.

அலமேலு என் தங்கை. ஐம்பது வயது. இருபத்திரண்டு வயதில் கழுத்திலிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். அதன்பின் கல்யாணம் அமையவில்லை. அன்று தொடங்கிய தூக்கம்தான், இன்றுவரை பகலிலும் படுக்கை. அவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று எத்தனையோ டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். "போடுதேன்ணே" என்கிறாள். ரத்தப் பரிசோதனை பொய் சொல்லுமா? சோம்பல் வியாதி அல்ல, பழக்கம்.

டிசம்பர் 21

உறவினர்களின் வைத்திய ஆலோசனை. முட்டைக்கோஸ் ஆகாது என்கிறார் என் சகலை. முட்டைக்கோஸ்தான் மருந்து என்கிறார் அவருடைய தம்பி. கல்லுப்புக்கு மாறச் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். பள்ளியில் வரலாற்று ஆசிரியர் கருஞ்சீரகம் கொடுத்தார். அவருக்கு மூட்டுவலி அதில்தான் குறைந்ததாம்.

மைதிலிக்குக் குரல் கம்மிவிட்டது. முகம் ஊதியிருக்கிறது. ஆறு கிலோ கூடிவிட்டாள். கழுத்தோ இன்னும் "லட்சணமாகி" வருகிறது.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது புஷ்பகலா சொன்னாள்: "என்னங்க, இவளைப் பார்த்தா அலமேலு மாதிரியே இருக்கு."

அப்படி ஒப்பிடுவது அறிவியல்பூர்வமானதல்ல என்று அமைதியாக எடுத்துச் சொன்னேன். காலையில் எதிர்வீட்டுக்காரர் வந்து, "நேத்து ஏதும் பிரச்சனையா சார்? சத்தம் கேட்டுச்சே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 6

திருநெல்வேலி. டி.எஸ்.எச். ஐம்பத்தெட்டு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது. கூடவே வேறொரு பரிசோதனை: மைதிலியின் உடம்பே தன் தைராய்டுச் சுரப்பியை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதாம். பெரிய டாக்டர் பேனாவை மூடினார்.

"எதுக்கு இந்த ரோதனை? சுரப்பியை எடுத்துட்டா ஒரேயடியா முடிஞ்சது. பிப்ரவரி இருபத்தாறு."

நியாயமாகத்தான் பட்டது. தழும்பு அட்டிகையில் மறைந்துவிடும். நிச்சயத்தைப் பங்குனிக்குத் தள்ளலாம். சாத்தூர்க்காரர்களிடம் 'சின்னக் கட்டி' என்று சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பகலா அழுதாள். மாடிப்படியின் பாதியில் அலமேலு நின்றிருந்தாள்.

"யாருக்கு ஆபரேசன்?"

சொன்னேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம்வரை தூங்கவில்லை. புதுமை.

ஜனவரி 13

மைதிலி எங்களைக் கேட்காமலே மதுரையில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். டாக்டர் ரெஹானா. ஹார்மோன் நோய்களுக்கென்றே படித்தவராம். முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த வயதில் என்ன அனுபவம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் பேசினார். பழைய காகிதங்கள் அனைத்தையும் தேதி வாரியாக மேசைமேல் பரப்பினார்.

"லேப் தப்பே இல்லை சார். ரெண்டும் கூடுதல்தான், ரெண்டும் நிஜம்தான். ஹார்மோன் போய்க் கதவைத் தட்டுது. உள்ள இருக்கிற செல்லுக்குக் காது மந்தம். சத்தம் பத்தலை, இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்புன்னு மூளை கேட்டுட்டே இருக்கு. இது பிறவியிலேயே வர்றது. அதுக்கு மேல, இவங்க உடம்பே சுரப்பியையும் அடிச்சு நொறுக்குது. தேவை கூட, உற்பத்தி கம்மி. இந்த நேரத்துல குறைக்கிற மாத்திரை கொடுத்திருக்காங்க."

"அப்போ ஆபரேஷன்?" என்றாள் புஷ்பகலா.

"வேண்டவே வேண்டாம்மா. எடுத்துட்டா இவங்களுக்கு எவ்வளவு மருந்து தேவைப்படும்னு யாருக்கும் புரியாது. நார்மல் அளவு கொடுத்து, ஆயுசு முழுக்க இவங்களைத் தூங்க வெச்சிருவாங்க."

குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். புஷ்பகலாவின் அக்கா வனிதாமணி பதினைந்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை உடனே சொன்னேன். உண்மையை மறைப்பது எனக்குப் பிடிக்காது.

"உங்க பக்கம் சார்?"

"எங்க பக்கம் எல்லாரும் ஆரோக்கியம்."

"அத்தை?" என்றாள் மைதிலி.

"அது சின்னக் கட்டி."

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நான் கேட்கவில்லை, அவராகவே பார்த்தார். "நூத்துப் பன்னெண்டு. எப்பவும் இப்படித்தானா?" என்றார். பஸ்ஸில் வந்த களைப்பு என்றேன்.

அப்பா, அம்மா இருவரையும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். புஷ்பகலா கொடுத்தாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரி 17

பொங்கல் விடுமுறை. லேப் திறந்திருக்காது.

ஜனவரி 18

லேப் திறந்திருந்தது. எனக்குத் தலைவலி.

ஜனவரி 23

திருப்புதல் தேர்வு. ஆசிரியர் என்பவர் முதலில் மாணவர்களுக்குத்தான் சொந்தம்.

ஜனவரி 27

புஷ்பகலாவின் முடிவு வந்தது. சுரப்பியைத் தாக்கும் அந்த எதிர்ப்புப் பொருள் அவள் ரத்தத்திலும் இருக்கிறது. வனிதாமணிக்கும் அதே. ஆக, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெளிவாகிவிட்டது. மத்தியானம் இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். அது பாதிதானாம். காது மந்தம் அம்மாவிடம் இல்லையாம். "அப்பா எப்போ வர்றாரு?"

பிப்ரவரி 4

குடும்பம் முழுவதும் என்னை ஒரு குற்றவாளியைப்போலப் பார்க்கிறது. ஒரு ஊசி குத்திக்கொள்ள நான் பயப்படுகிறேன் என்று புஷ்பகலா நினைக்கிறாள். நினைக்கட்டும். கோழை என்ற பெயரைச் சுமந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 8

வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். மைதிலி எதிரே வந்து உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து வாசித்தாள். குரல் இன்னும் கம்மல்தான்.

"'ஓங்கு பண்பு நோய் ஒன்று மகளுக்கு உள்ளது. தாய்க்கு இல்லை. அந்நோய் யாரிடமிருந்து வந்திருக்கும்? காரணம் கூறு.' மூணு மார்க்கா அப்பா?"

"இரண்டு."

"நான் பதில் சொல்லட்டுமா?"

"ஏழு வருடத்துக்கு முந்தின மாணவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது" என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"இருபத்தாறாம் தேதியை இன்னும் கேன்சல் பண்ணலையேப்பா. பெரிய டாக்டர்தான் சரின்னு நீங்க நினைச்சா, என் கழுத்தை அறுத்துருவாங்க. அதுவாவது தெரியுமா?"

அந்தக் கேள்வியை வினாத்தாளிலிருந்து நீக்கிவிட்டேன். பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறது.

பிப்ரவரி 11

குடும்பத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று அந்த மதுரை டாக்டர் கேட்டது, முன்பே எங்கோ கேட்டது போலிருக்கிறது. எங்கே என்று நினைவில்லை.

பிப்ரவரி 12

நினைவிருக்கிறது. அலமேலுவுக்கு ஆபரேஷன் நடக்க ஒரு வாரத்துக்கு முன், அதே மதுரையில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். முடிவு விசித்திரமாக இருக்கிறது என்றோ, வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்றோ. அப்போது புஷ்பகலா வீட்டில் என் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். எனக்கும் வேலை அதிகம். அவரும் பயிற்சி டாக்டர்தான்.

இதில் எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17

செய்முறைத் தேர்வு. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்துக் காட்டச் சொன்னால், ஒருவன் காலைப் பிரித்து வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தால் பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டில் சாவி. அலமேலுவும் மைதிலியும் புஷ்பகலாவும் மதுரைக்குப் போயிருக்கிறார்கள். அலமேலு இந்தத் தெருவைத் தாண்டி நாலு வருடமாகிறது. பஸ்ஸில் ஏறும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்களாம். தன் பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துப் போயிருக்கிறாள். அவள் அவற்றை வைத்திருந்ததே எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் அலமேலு மாடிக்குப் போய்விட்டாள். மைதிலிதான் சொன்னாள்.

"அத்தை மாத்திரை எல்லாம் ஒழுங்காத்தான் போட்டுருக்காங்கப்பா. டி.எஸ்.எச். கூடுனா மருந்தைக் கூட்டுவாங்களாம். உடனே ஹார்மோன் கூடிருச்சேன்னு குறைப்பாங்களாம். இருபத்தெட்டு வருசமா ஏத்தமும் இறக்கமும்தான். அதைக் கேட்டுட்டு டாக்டர் மேடம் எழுந்து போயி ஜன்னல்கிட்ட நின்னுட்டாங்க."

அலமேலுவின் ரத்தமும் மைதிலியின் ரத்தமும் மரபணுச் சோதனைக்குச் சென்னைக்குப் போயிருக்கிறது.

பிப்ரவரி 19

திருநெல்வேலி ஆபரேஷனை ரத்து செய்தேன். புஷ்பகலாதான் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

மார்ச் 22

முடிவு வந்துவிட்டது. அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே எழுத்துப் பிழை. டாக்டர் ரெஹானா நேரடியாக எனக்கே போன் செய்தார்.

"சார், நீங்க விலங்கியல் வாத்தியார்தானே?"

"ஆமாம்."

"அத்தைக்கும் இருக்கு, பொண்ணுக்கும் இருக்கு. நடுவுல யாரு சார்?"

வகுப்பில் இப்படி ஒரு பையனை நிறுத்திக் கேட்டிருக்கிறேன். பதில் தெரிந்தும் சொல்லாமல் நிற்பான். அவன் ஏன் அப்படி நின்றான் என்று நான் யோசித்ததே இல்லை.

முழுமைக்காக ரத்தம் கொடுத்தேன். ஊசி வலிக்கவில்லை.

ஏப்ரல் 14

எனக்கும் உறுதியாகிவிட்டது. என் சுரப்பி நல்லபடியாக இருப்பதால், காது மந்தமான உடம்புக்கு வேண்டிய அளவு அதுவே உரக்கக் கத்திக்கொள்கிறதாம். மருந்தே வேண்டாம், படபடப்புக்கு மட்டும் ஒரு மாத்திரை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அலமேலுவின் சுரப்பியும் இப்படித்தான் இருந்திருக்கும். அதை யாரும் தொடாமல் இருந்திருந்தால் போதும் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

மைதிலி சிரித்தாள்: "அம்மா வீட்டுச் சீர் ஒண்ணு, அப்பா வீட்டுச் சீர் ஒண்ணு. குறையில்லாம ரெண்டும் வந்து சேந்துருச்சு."

ஏதேதோ சாக்குச் சொல்லி நிச்சயத்தைப் பங்குனிக்கும் அப்பால் தள்ளியாயிற்று; இனி சாத்தூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வடிவத்தில் 'தைராய்டு' என்ற சொல்லே இல்லை. மிக நன்றாக வந்திருந்தது.

ஏப்ரல் 16

மைதிலி நேரே கௌதமுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதையும் சேர்த்து. நான் எழுதிவைத்த தாள் வீணாயிற்று.

"என்ன சொன்னாரு?"

"வீட்ல யோசிச்சுச் சொல்றோம்னாரு."

"நீ?"

"நானும் யோசிக்கிறேன்னு சொன்னேன்."

கௌதமின் அம்மா பிறகு புஷ்பகலாவைக் கூப்பிட்டு, எதற்கும் ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்கப் போவதாகச் சொன்னார். ஆக, கிரகங்களின் டி.எஸ்.எச்.சும் கூடியிருக்கிறது.

மே 9

அலமேலுவுக்கு அளவைக் கூட்டி டாக்டர் ரெஹானா எழுதிய புதிய மருந்துச் சீட்டைப் பார்த்து மெடிக்கல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இது தப்பா எழுதியிருக்காக. இவ்வளவு யாரும் சாப்பிட மாட்டாக." சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை, டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். மதுரை மருந்தில் மைதிலிக்குக் குரல் தெளிந்துவிட்டது. முகம் வற்றிவருகிறது.

மே 28

காலை ஐந்தரைக்கு அடுப்படியில் சத்தம். பூனை என்று நினைத்துப் போனேன். அலமேலு. குளித்து, தலையில் துண்டு கட்டி, காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சீனி எங்க இருக்கு மதினி?" என்று புஷ்பகலாவைக் கேட்டாள். இருபது வருடமாக இருக்கும் வீட்டில்.

ஜூன் 6

அலமேலு செய்தித்தாளை முழுவதும் வாசிக்கிறாள். வாசித்துவிட்டு எங்களைத் திட்டுகிறாள், எல்லாக் கட்சிகளையும் திட்டுகிறாள். மைதிலியோடு கடைத்தெருவுக்குப் போய் இரண்டு சேலை எடுத்து வந்தாள். அவளுடைய பழைய குரல் எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நன்றாகப் பாடுவாள் என்று புஷ்பகலாவிடம் சொன்னேன். "இதை ஏன் இத்தனை வருசமா சொல்லலை?" என்றாள் அவள்.

ஜூன் 15

சனிக்கிழமை. புஷ்பகலாவும் மைதிலியும் வனிதாமணி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அலமேலு எனக்கும் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தக் கண்ணாடி டாக்டர் ஞாபகம் இருக்கா?"

எந்த டாக்டர் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. இருக்கிறது என்றேன்.

"உன்னை என்ன கேட்டாரு?"

சொன்னேன். இந்த நோட்டில் எழுதியதைவிடத் தெளிவாகவே சொன்னேன். இரண்டு முடிவும் ஒத்துவரவில்லை, இது பரம்பரையாக இருக்கலாம், அண்ணனான நீங்களும் ரத்தம் கொடுங்கள், அதுவரை கத்தியை வைக்க வேண்டாம் என்று அங்குள்ள பெரிய டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் கிடையாது, ரத்தம் கொடுக்க முடியாது என்றேன். அப்பாவின் கழுத்தும் அப்படித்தான் இருந்தது. எனக்கு அப்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் பேசி முடித்தது நின்றுவிடும் என்று பயந்தேன்.

அலமேலு காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும்ணே."

"எப்படி?"

"நீ முடியாதுன்னதும் அவரு நேரா எங்கிட்ட வந்தாரு. நீயாவது எடுத்துச் சொல்லும்மா, உங்க அண்ணன் ரத்தம் வேணும்னாரு. நான்தான் எங்க அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீகன்னு சொன்னேன்."

"ஏன் அலமு?"

"உன் கல்யாணம்லா."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிய பிறகு அலமேலு தொடர்ந்தாள்.

"அப்ப எனக்கு அது பெருசாத் தெரியலை. ஒரு கட்டிதானன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எதையும் யோசிக்கவே முடியலை. ஒரு நெனப்பை முழுசா நெனச்சு முடிக்கிறதுக்குள்ள கண்ணு சொருகிரும். இப்பத்தான், இந்த ஒரு மாசமாத்தான் யோசிக்கேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் தூங்கிட்டேன்ணே. இருபத்தெட்டு வருசம். நீ முழிச்சுத்தான இருந்த?"

பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 16

நேற்றைய கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அந்தக் காலத்து மருத்துவ வசதி, குடும்பச் சூழ்நிலை, எனக்கிருந்த பொறுப்புகள் என்று கோர்வையாகவே வந்தது. கிழித்துவிட்டேன். மறுபடியும் ஒரு பக்கம் எழுதினேன், அதையும் கிழித்தேன்.

மாடிக்குப் போனேன். அலமேலு துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று சொன்னேன்.

"ஆமா. முழிச்சுத்தான் இருந்தேன்."

தலையை ஆட்டினாள். மடித்த துணிகளை நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாளா, துணியை ஓரமாக வைத்தாளா என்று தெரியவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.